எழும்பாத மாவு

எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம். இந்தக் கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு முடியும் வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ‘அப்பா என்ன செய்கிறார்?’ என்று கேட்டால் ‘லாரி ஓட்டுகிறார்’ என்பேன், அது உண்மை. ‘அம்மா?’ என்றால் ‘வீட்டில் இருக்கிறார்’ என்பேன், அதுவும் பொய்யில்லை. வீட்டில் இருந்துகொண்டுதான் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டி, ஏழு மணிக்குள் 200 இட்லிகளை அவித்து விற்று முடித்துவிடுகிறாள்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்கள். ஆறேகாலுக்கு முக்குக்கு வேன் வரும். அதற்கு முன்னால் எங்கள் வாசலில் தூக்குவாளிகள் வரிசையாக வந்து நிற்கும். பாதிப்பேர் கணக்கு வைத்துச் சனிக்கிழமை கொடுப்பவர்கள். அந்தச் சனிக்கிழமைப் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணமும் ரெக்கார்டு நோட்டும் வந்தன என்பதை நான் அறியாதவன் அல்லன். அறிந்தும் சொல்ல வாய் வரவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. முதலாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் ஒருநாள் என் ரெக்கார்டு நோட்டை முகர்ந்து பார்த்து, “என்னடா, புளிச்ச வாடை அடிக்குது?” என்றான். அவன் கேலிக்காகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. அன்று முதல் வீட்டில் எதைப் பார்த்தாலும் குறையாகவே தெரிந்தது. கிரைண்டரை அம்மா முழுக்கக் கழுவமாட்டாள். கல்லில் இரண்டு சொம்புத் தண்ணீரை விட்டுச் சுற்றவிட்டு, அந்தத் தண்ணீரையும் மாவிலேயே ஊற்றிவிடுவாள். மாவு அண்டாவின் அடியில் பழைய மாவு ஒரு கரண்டி எப்போதும் கிடக்கும். அதன்மேலேயே புது மாவு விழும். உளுந்திலோ தொலி சரியாகப் போயிருக்காது. இட்லியில் கறுப்பாக ஒன்றிரண்டு புள்ளி இருந்தே தீரும். நுண்ணுயிரியல் பாடத்தில் கிருமிநீக்கம் பற்றிப் படித்துவிட்டு வந்த எனக்கு இவையெல்லாம் எப்படித் தோன்றியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

போன மார்கழியில் அக்காவின் பிரசவத்துக்காக அம்மா சாத்தூருக்குப் போகவேண்டி வந்தது. அப்பா லாரியோடு வெளியூரில். வீட்டில் நானும் ஆச்சியும் மட்டுந்தான். மூன்று நாளைக்கு வியாபாரத்தை நிறுத்திவிடலாமே என்றேன். அம்மா பஸ் ஏறும்போதும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

“ஒரு நாள் அடுப்பு எரியலேன்னா ஆளு கைமாறிப் போகும்யா. ரோட்டு மேலே புதுசா கடை போட்டிருக்கான் பாரு. ஆச்சி அவிச்சுத் தருவா. நீ ஆட்டி மட்டும் வச்சிரு.”

ஆட்டி வைப்பதுதானே! அன்று மாலை நான் செய்த முதல் காரியம் சுத்தம். கிரைண்டர் கல்லையும் குழவியையும் கழற்றி, சவுக்காரம் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். அண்டாவை அடி பளபளக்கும் வரை தேய்த்தேன். அடியில் கிடந்த பழைய மாவு சாக்கடைக்குப் போயிற்று. ஒரு கிலோ உளுந்தை எட்டுத் தண்ணீர் விட்டு அலசித் தொலி ஒன்றுகூட இல்லாமல் எடுத்தேன். நான்கு கிலோ அரிசியை ஆட்டி முடிக்கும்போது இரவு எட்டு மணி. மாவு மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. உப்புப் போட்டுக் கரைத்து மூடிவைத்துவிட்டு, இந்த வீட்டில் முதன்முறையாக அறிவியல் முறைப்படி மாவு ஆட்டப்பட்டிருக்கிறது என்று பெருமிதத்தோடு படுத்தேன்.

படுக்குமுன் அண்டாவின் உட்புறத்தில் மாவின் மட்டத்தைக் கரித்துண்டால் குறித்துவைத்தேன். ஆய்வகப் பழக்கம்!

பன்னிரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மூடியைத் திறந்தேன். மாவு கரிக்கோட்டிலேயே நின்றது. சரி, நேரம் இருக்கிறது என்று படுத்தேன். ஒன்றரைக்குப் பார்த்தேன், அதே கோடு. இரண்டரைக்குப் பார்த்தபோதும் அதே கோடு. கரண்டியை விட்டுக் கிளறினால் ஒரு குமிழி இல்லை, ஒரு வாசம் இல்லை. சுண்ணாம்புக் கரைசல் மாதிரி அசைவற்றுக் கிடந்தது. வெளியே பனி. நம் ஊர்க்காரர்களுக்கு மார்கழிக் குளிர் என்றால் இருபது டிகிரியை ஒட்டிய குளிர்தான். வடக்கத்தியர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சித்திரையில் நாற்பதை நெருங்கும் வெயிலைப் பார்த்த உடம்புக்கு அதுவே போதும். மாவுக்கும் அது போதும் போலிருந்தது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாவு செத்துவிட்டது என்றே முடிவு செய்தேன். சமையல் சோடாவை அள்ளிப் போடலாமா என்று டப்பாவை எடுத்தேன். சர்க்கரை போட்டால் பொங்குமோ என்றும் தோன்றியது. ரொட்டிக் கடைக்காரரை எழுப்பி ஈஸ்ட் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். மூடியை நான் திறந்து மூடும் சத்தத்தில் ஆச்சி எழுந்துவிட்டாள்.

“என்னய்யா, எலி உருட்டுதா?”

“மாவு எழும்பலே ஆச்சி.”

ஆச்சி வந்து விளக்கைக் கிட்டத்தில் பிடிக்கச் சொன்னாள். மாவைப் பார்க்கவில்லை, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

“ஐஸா கெடக்கு. அதுக்குக் குளிருதுல்லா. ஆமா, பழைய மாவு எங்கே?”

“கழுவிட்டேன்.”

“கல்லையுமா?”

“ம்.”

ஆச்சி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சிரித்தாள். “வீட்டுல இருந்த வெதையைச் சாக்கடையில விட்டுட்டு, வெள்ளாமை வெளையலேங்கியே!”

அதற்குப் பிறகு அவள் செய்தவை அதிகமில்லை. பெரிய அண்டா ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, அதற்குள் மாவு அண்டாவை இறக்கினாள். மேலே இரண்டு சாக்கைப் போட்டு மூடினாள். நான்கு மணிக்கு எதிர்வீட்டில் விளக்கு எரிந்ததும் என்னை அனுப்பி, அவர்கள் வீட்டுத் தோசை மாவில் ஒரு டம்ளர் வாங்கிவரச் சொன்னாள். இரண்டு நாள் புளித்த மாவு அது; டம்ளரில் ஊற்றும்போதே நுரைத்தது. எந்த வாடைக்காக நான் வெட்கப்பட்டேனோ அதே வாடை. அதை ஊற்றிக் கையால் கலக்கிவிட்டு, “இனிமே தொறக்காதே. தொறந்து தொறந்து பாத்தா உள்ளதும் ஆறிப்போகும்” என்று சொல்லி அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

காத்திருந்த நேரத்தில் ஆச்சி கலயத்தின் கதையைச் சொன்னாள். அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வேம்பார்ப் பக்கம். தாத்தா பனையேறி. பதநீருக்குக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டவேண்டும். தடவாவிட்டால் வடியும்போதே புளிக்கத் தொடங்கிப் பொழுது ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். 1981-இல் கள்ளுக்கடைகளை மீண்டும் திறந்தார்கள். 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து மறுபடியும் மூடினார்கள். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் தாத்தா கள்ளும் இறக்கியிருக்கிறார். கள்ளுக்குப் புதுக் கலயம் கட்டினால் முதல் சில நாட்களுக்குச் சோம்பிக் கிடக்குமாம்; பழங்கலயத்தில் வடிந்தது அதற்கு முன்னாலேயே பொங்கி நிற்குமாம். “சட்டியோட ஒடம்புக்குள்ள அது குடியிருக்குய்யா” என்றாள் ஆச்சி. கம்மங்கூழ்ப் பானையும் அப்படித்தானாம். இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டுமே கரிசல்காட்டு வீடுகளில் தலைகாட்டிய காலத்தில், கூழ்ப்பானையை எந்த மாமியாரும் புது மருமகள் கையில் கழுவக் கொடுக்கமாட்டாளாம். இதைச் சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆறு மணி ஆயிற்று. மாவு கரிக்கோட்டுக்கு மேல் ஒரு விரற்கடை ஏறியிருந்தது, அவ்வளவுதான். தூக்குவாளிகள் வந்துவிட்டன. பதினாலு பெண்கள் வாசலில். நான்தான் போய்ச் சொல்லவேண்டும்.

“இன்னைக்கு இட்லி இல்லே. மாவு எழும்பலே.”

“மாவு எந்திரிக்கலையா, இல்ல நீ எந்திரிக்கலையா தம்பி?” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கவேண்டும்; முடியவில்லை. ஆச்சி அந்த மாவிலேயே தோசை ஊற்றினாள். ஓட்டை விழாத, தடித்த, வெளிறிய தோசை. எட்டுப்பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் ரோட்டுக் கடைக்கு நடந்தார்கள். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், அம்மா பஸ்ஸில் ஏறும்போது சொன்ன சொல்லின் பொருள் எனக்குத் தெரிந்தது. இவர்களில் இரண்டுபேர் நாளைக்கு வராவிட்டால் மாதத்தில் எவ்வளவு குறையும் என்று, பொருளாதாரம் படிக்காத நானும் அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அன்று நான் கல்லூரிக்கு வரவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு, யாருக்கும் தேவையில்லாத நேரத்தில், மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு அண்டாவுக்கு வெளியே வந்தது!

மறுநாள் தாவரவியல் பேராசிரியர் வராததற்குக் காரணம் கேட்டார். தலைவலி என்று சொல்ல வாயெடுத்தவன், என்ன நினைத்தேனோ, உள்ளதைச் சொன்னேன். வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சிரித்துவிட்டுக் கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டார். முதலில் தரையோடு தரையாக ஓடி, பிறகு செங்குத்தாக ஏறி, உச்சியில் படுத்து, கடைசியில் இறங்கும் கோடு.

“இது என்ன?”

நுண்ணுயிர் வளர்ச்சி வளைகோடு! தேர்வில் படம் வரைந்து பாகங்கள் குறித்துப் பத்து மதிப்பெண் வாங்கிய கோடு. முதல் பகுதி ‘லேக்’ கட்டம். அடுத்தது ‘லாக்’ கட்டம். (இரண்டையும் நம் நாக்கு ஒன்றுபோலவே உச்சரித்துத் தொலைப்பதால், விடைத்தாளில் பாதிப்பேர் இடம் மாற்றி எழுதுவதுண்டு.) லேக் கட்டத்தில் எண்ணிக்கை கூடாது, ஆனால் செல்கள் சும்மா இருப்பதில்லை. புது இடத்தின் உணவைச் செரிக்க வேண்டிய நொதிகளைத் தயாரிக்கின்றன. பெருகுவதற்கு வேண்டிய சரக்கைச் சேர்க்கின்றன. இதைத்தான் நான் மனப்பாடம் செய்து எழுதியிருந்தேன். அண்டாவுக்கு முன்னால் விளக்கோடு நின்ற அந்த மூன்று மணி நேரத்தில் இந்தக் கோடு ஒரு தடவையாவது நினைவுக்கு வந்ததா? இல்லை.

பேராசிரியர் பீரைப் பற்றிச் சொன்னது சுவையானது. வீட்டிலேயே பீர் வடித்துக்கொள்வது சில நாடுகளில் பொழுதுபோக்கு. பிரிட்டனில் அதற்கு உரிமம் வேண்டும் என்ற விதியை 1963-இல் எடுத்துவிட்டார்கள். முளைகட்டிய பார்லியின் சாற்றைக் கொதிக்கவைத்து ஆற்றி ஈஸ்டைப் போட்டுவிட்டு, முதல் நாள் முழுவதும் ஜாடியைச் சுற்றிச்சுற்றி வருவார்களாம். குமிழி வரவில்லை என்றால் ‘ஈஸ்ட் செத்துவிட்டது’ என்று புலம்புவார்களாம். பெரும்பாலும் அது செத்திருக்காது. சாறு அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கும். அல்லது போட்ட ஈஸ்ட் கொஞ்சமாகவோ பழையதாகவோ இருக்கும். அல்லது சாற்றில் காற்று கலந்திருக்காது. ஈஸ்ட் காற்றில்லாமலே சாராயம் ஆக்கக்கூடியது என்று படித்திருக்கிறோம். ஆனால் பெருகுவதற்கு முன் தன் செல்சவ்வைக் கட்டிக்கொள்ள அதற்குக் கொஞ்சம் ஆக்சிஜன் வேண்டும். அதனால் ஆறிய சாற்றை முதலில் நன்றாகக் குலுக்கிவிடுவார்கள். ஒரு நாள், சிலவேளை இரண்டு மூன்று நாள்கூடத் தாமதித்துவிட்டு நுரை கிளம்புவது உண்டாம்.

“அப்படியானால் பொறுமையாக இருந்தால் போதும் அல்லவா, ஐயா?” என்று கேட்டேன்.

“போதாது” என்றார். ஈஸ்ட் சும்மா இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் காற்றிலும் பாத்திரத்திலும் உள்ள வேறு கிருமிகளுக்குத் திறந்த வீடு. யார் முதலில் பெருகுகிறாரோ அவருக்கே பாத்திரம் சொந்தம். ஆகவே பீர் வடிப்பவன் பாத்திரத்தைக் கிருமியில்லாமல் கழுவுவதும் சரி. ஆனால் கழுவிய கையோடு தான் விரும்பும் உயிரைப் போதுமான அளவில் உள்ளே விடவேண்டும். நான் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவது பாதியை மறந்தவன். அம்மா முதல் பாதியை அவ்வளவாகச் செய்யாதவள். இரண்டாவதைத் தவறாமல் செய்கிறவள்.

பிறகு நூலகத்தில் தேடியபோது வேறொன்றும் தெரிந்தது. இட்லி மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் என்றே நான் நினைத்திருந்தேன். 1965-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்த கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. மாவை எழுப்பும் முதன்மை வேலையைச் செய்வது ‘லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ்’ என்னும் பாக்டீரியா. அது உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருவது. அது விடும் கரியமில வாயுவை உளுந்தின் புரதமும் பிசின் போன்ற பொருளும் பிடித்துவைத்துக்கொள்வதால் மாவு உப்புகிறது. ஈஸ்டும் மாவில் இருக்கலாம். ஆனால் அது இல்லாமலும் மாவு எழும்பும். நான் எட்டுத் தண்ணீர் விட்டு அலசிக் கொட்டியபோது தொலியோடு யாரையெல்லாம் அனுப்பிவைத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்று மாவு எழும்பியது, அலசலுக்குத் தப்பிய சிலராலும் எதிர்வீட்டு டம்ளராலும்தான்.

இன்னொரு வேடிக்கை. 1856-இல் பிரான்சின் லீல் நகரத்தில் பீட்டு கிழங்குச் சாற்றிலிருந்து சாராயம் வடிக்கும் ஆலைக்காரர் ஒருவர் தம் தொட்டிகள் கெட்டுப்போகின்றன என்று லூயி பாஸ்டரிடம் போனார். பாஸ்டர் நுண்பெருக்கியில் பார்த்தார். நல்ல தொட்டியில் ஈஸ்டின் உருண்டைகள் தெரிந்தன. புளித்துப்போன தொட்டியில் வேறு நுண்ணிய உயிர்கள் தெரிந்தன. புளிப்புக்குக் காரணமானவை அவையே. மறு ஆண்டு லாக்டிக் நொதித்தலைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் நம் லியூக்கோநாஸ்டாக்கும். லீல் நகரத்தில் வில்லன், கோவில்பட்டியில் கதாநாயகன்!

அன்றைய மாவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாலை நான்கு மணிக்கு ஆச்சி அடுப்பு மூட்டினாள். இருட்டும் நேரத்தில் வேன் முக்கில் நின்றபோது, நான் போய் நின்றேன். “இட்லி ரெடி” என்று சத்தமாகச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, சொன்னேன். காலையில் ரோட்டுக் கடைக்குப் போனவர்களில் மூன்றுபேர் தவிர எல்லோரும் வந்தார்கள். என்னைக் கேலி செய்த அக்கா பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு இட்லி வாங்கிக்கொண்டு, “எந்திரிச்சிருச்சா?” என்று மட்டும் கேட்டாள். நாற்பது இட்லி போல மிஞ்சியது. மறுநாள் உதிர்த்து உப்புமா ஆக்கி நானும் ஆச்சியும் இரண்டு வேளை தின்று தீர்த்தோம். அந்த மூவரில் ஒருத்தி இன்றுவரை திரும்பி வரவில்லை.

அடுத்த இரண்டு நாளும் ஆட்டும்போது கல்லில் தண்ணீர் விட்டுச் சுற்றி மாவிலேயே ஊற்றினேன். உளுந்தை நான்கு தண்ணீரோடு நிறுத்தினேன். அண்டாவைச் சாக்கால் சுற்றி அடுப்பின் ஓரத்தில் வைத்தேன். கரிக்கோடு போடாமல் இருக்க மட்டும் முடியவில்லை. மூன்று மணிக்கெல்லாம் மாவு கோட்டைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருந்தது.

அம்மா சாத்தூரிலிருந்து வந்த அன்று, பையைக் கீழே வைக்குமுன் பேத்தியின் எடையைச் சொன்னாள்; அடுத்து நேரே அடுப்படிக்குப் போய் அண்டா மூடியைத் திறந்தாள். உள்ளே இருந்த கரிக்கோட்டைப் பார்த்து, “இது என்னது?” என்றாள்.

“மட்டம் பாக்கிறதுக்கு” என்றேன்.

ஆச்சி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மா குனிந்து ஒருதரம் முகர்ந்தாள். பிறகு விரலால் கொஞ்சம் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இது நம்ம வீட்டு மாவு இல்லையே. எதுத்த வீட்டுப் புளிப்புல்லா அடிக்குது?”